மெம்பர் கடையில் உட்கார்ந்த நாள்

சந்தைக் கட்டடத்தின் பின்புறம் இருந்த பொதுக் கழிப்பறைக்கு நகராட்சி பூட்டுப் போட்டபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ‘பராமரிப்புப் பணி நடைபெறுகிறது’ என்று ஓர் அட்டை தொங்கியது. அது மழையில் நனைந்தது, வெயிலில் சுருண்டது, கடைசியில் காற்றோடு போயிற்று. பணிதான் நடக்கவில்லை. பிறகு மெல்ல விஷயம் கசிந்தது. கழிப்பறையை இடித்துத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் கார் நிறுத்துமிடம் கட்டப் போகிறார்களாம்.

ஆண்கள் எப்படியோ சமாளித்தார்கள். அவர்களுக்கு ஊரெல்லாம் சுவர். கடை வைத்திருந்த பெண்கள்தான் திண்டாடிப் போனார்கள். காலையில் கடை திறந்தால் மாலையில் மூடும்வரை நகர முடியாத பிழைப்பு. பாதிப் பேர் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். கடைசியில் மீன்காரம்மாதான் ஒரு வழி செய்தாள். தன் கடைக்குப் பின்னால், ஐஸ் பெட்டிகள் அடுக்கியிருந்த மூலையில் ஒரு வாளியை வைத்தாள். சாக்குத்துணியில் அதற்கொரு திரையைத் தைத்துக் கொடுத்தது தையலக்கா. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்க வேண்டும். அந்த ஏற்பாட்டைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. “ஐஸ் வாங்கிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள், கேட்பவர்களுக்குப் புரிந்துவிடும்.

தையலக்காவுக்கு மாடிப்படியின் அடியில் சின்னதாக ஓர் இடம். ஒரு தையல் மிஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, வாடிக்கையாளர் உட்கார ஒரு ஸ்டூல். கால்சட்டையின் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பிரிந்த தையலைச் சேர்ப்பது என்று ஓயாமல் வேலை இருக்கும். அதிர்ந்து பேசமாட்டாள். பேச்சு வரும்போதெல்லாம் உதட்டில் குண்டூசிகள் இருக்கும். அதனால்தான் பேசுவதில்லை என்று சந்தையில் சொல்வார்கள். உண்மையில், பேசாமல் இருப்பதற்காகவே அவள் ஊசியைக் கவ்விக்கொள்கிறாள் என்பது அவளுடைய கணவருக்கு மட்டும் தெரியும்.

அந்த வருடத்தில் அவளுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வந்தது. டாக்டர் அம்மா மாத்திரை எழுதிக் கொடுத்து, “தண்ணி நிறையக் குடிங்க” என்றார்.

“குடிக்கலாம் டாக்டர். குடிச்சிட்டு?” என்று கேட்டாள் தையலக்கா. டாக்டர் அம்மா பேனாவை மூடிவைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

சந்தையில் எல்லாருடைய கண்ணும் தையலக்காவின் மேல்தான் விழுந்தது. காரணம் இருந்தது. அந்த வார்டின் மெம்பர் அவளுடைய தம்பி. அம்மா வேலைக்குப் போய்விடுவதால், அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். தேர்தலில் நின்றபோது துணிப் பேனர் முழுக்க அவள் கையால்தான் தைத்தாள். வாய் திறக்காதவள் வீடுவீடாய்ப் படியேறி, “என் தம்பிக்குப் போடுங்க” என்று கேட்டாள். அப்படி ஜெயித்து வந்தவன்தான் கழிப்பறையை இடிக்கும் தீர்மானத்துக்கு ஆதரவு சொல்லியிருந்தான்.

“உன் தம்பிதானே? காதைப் பிடிச்சுத் திருகு!” என்றாள் வெங்காயக்கடைக்காரி. சந்தையில் அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர். காலையில் போட்டால் மாலையில்தான் நிற்கும்.

ஒரு வெயில் நாளில் மீன்காரம்மா கத்தியும் கையுமாக மயங்கி விழுந்தாள். கத்தி காலில் படாமல் தப்பியது பெரிய புண்ணியம். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பியபோது, “குடிக்க வேணாம், குடிக்க வேணாம், இன்னும் கடை மூடல” என்று முனகினாள். அதைக் கேட்ட பிறகு தையலக்காவால் மிஷினை மிதிக்க முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி மனைவி பள்ளிக்கூட டீச்சர். வாங்க அண்ணி என்று வரவேற்றுச் சமையலறையில் இன்னொரு தட்டையும் எடுத்து வைத்தாள். மெம்பர் கூடத்தில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தான்.

“அக்கா, அது என் கையில மட்டும் இல்ல. நகராட்சித் தலைவர் முடிவு பண்ணிட்டார். கார் நிறுத்த இடம் வந்தா சந்தைக்கு ஆளுங்க வருவாங்க. வியாபாரம் உங்களுக்குத்தானே பெருகும்?”

“வியாபாரம் பெருகட்டும்டா. நாங்க எங்க போறது?”

“அதுக்கெல்லாம் ஏதாவது வழி இருக்கும். இத்தனை நாள் பாத்துக்கலையா?”

“எப்படிப் பாத்துக்கறோம்னு உனக்குத் தெரியுமா?”

அவன் முகம் சிவந்தது. “இங்க பாருக்கா. அந்த வெங்காயக்காரி ஏற்கெனவே தெருவெல்லாம் என் மானத்தைக் கூவி விக்கிறா. நீயும் அந்தக் கூட்டத்தோட சேர்ந்துக்காதே. சொந்த அக்காவே எதிர்த்து நின்னா நான் நாலு பேர் முகத்துல எப்படி முழிக்கிறது?”

தையலக்கா எழுந்துவிட்டாள். “சாப்பிட்டுட்டுப் போங்க அண்ணி” என்று டீச்சர் வாசல்வரை ஓடிவந்தாள். “இன்னொரு நாள் வரேன்மா” என்றவள் திரும்பிப் பார்க்கவில்லை. தெருமுனை திரும்பியதும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கழிப்பறைக்காக அழுகிறேனா, தம்பிக்காக அழுகிறேனா என்று அவளுக்கே விளங்கவில்லை.

மறுநாள் மாலை கடைகளை மூடும் நேரத்தில் பெண்கள் எல்லாரும் மீன்கடைப் பக்கம் கூடினார்கள். ஏற்கெனவே மனு கொடுத்தாயிற்று. அது எந்த மேஜையின் அடியில் தூங்குகிறதோ. ரேடியோ பஸ்ஸை மறிக்கலாம் என்றாள். “மறிச்சா பஸ்ல இருக்கறவங்க நம்மளைத்தான் திட்டுவாங்க. அவங்களும் அவசரமா போறவங்கதானே” என்றாள் மீன்காரம்மா. இன்னொருத்தி வாளியைக் கொண்டுபோய்த் தலைவர் மேஜைமேலேயே வைத்துவிடலாம் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் தூக்கிக்கொண்டு போக யாரும் முன்வரவில்லை. பூனைக்கு யார் மணி கட்டுவது?

தையலக்கா உதட்டில் இருந்த ஊசிகளை எடுத்து முந்தானையில் குத்தினாள்.

“தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்” என்றாள். “மெம்பருங்க யாராவது ஒரு நாள் நம்ம கூட வந்து கடையில உட்காரட்டும். திறக்கறதுலேருந்து மூடற வரைக்கும். அவ்வளவுதான். வேற எதுவும் கேக்க வேணாம்.”

“யாரு வருவா?” என்றாள் ரேடியோ.

“கூப்பிடற விதத்துல கூப்பிட்டா வருவான்” என்றாள் தையலக்கா. ‘வருவான்’ என்று ஒருமையில் சொன்னதிலிருந்தே, யாரைச் சொல்கிறாள் என்பது எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

மெம்பர் வாரம் ஒரு முறை வார்டு அலுவலகத்தில் மக்களின் குறை கேட்பான். அந்த நாளில் தையலக்கா போய் வரிசையில் நின்றாள். தெருவிளக்கு எரியாதவர், குப்பை வண்டி வராதவர், பக்கத்து வீட்டு நாயால் தூக்கம் கெட்டவர் என்று எல்லாருக்கும் பின்னால், ஒரு சாதாரண வாக்காளராக நின்றாள். அவளைக் கண்டதும் தம்பி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான்.

“நீ ஏன்கா வரிசையில?”

“குறை சொல்ல வந்தேன், மெம்பர்.” அந்த வார்த்தை அவனைச் சுருக்கென்று குத்தியது தெரிந்தது. “சந்தையில ஒரு நாள் எங்க கூட உட்காரணும். திறக்கறதுலேருந்து மூடற வரைக்கும். எங்களை மாதிரியே, இடத்தை விட்டுப் போகாம. என் கடையிலயே உட்காரலாம்.”

அறை முழுக்க ஆட்கள். எல்லாரும் மெம்பரைப் பார்த்தார்கள். மறுத்தால் பயந்துவிட்டான் என்பார்கள். அவன் பெரிதாகச் சிரித்தான்.

“எங்க அக்கா கடைதானே? ஒரு நாள் என்ன, ஒரு வாரமே உட்கார்றேன்!”

சொன்னபடி வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் எண்ணெய் வைத்து வாரிய தலையுமாக, கல்யாண வீட்டுக்கு வந்தவனைப் போல எல்லாரையும் கும்பிட்டுக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தான். சந்தையே திரண்டு வந்து அவனை உபசரித்தது. டீக்கடைக்காரர் டீ அனுப்பினார். ரேடியோ ஒரு பெரிய டம்ளரில் எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்தாள். “வெயில் மெம்பர், உடம்பு சூடாயிடும்” என்று அவள் சொன்னபோது அவள் குரலில் இருந்த கரிசனத்தைத் தையலக்கா நம்பவில்லை. பழக்கடைக்காரி தர்பூசணி வெட்டித் தந்தாள். மறுபடி டீ வந்தது. வந்ததையெல்லாம் மெம்பர் வாங்கிக் குடித்தான். ஓட்டுப் போட்டவர்கள் நீட்டியதை மறுக்கலாமா?

காலை முழுக்க ஒரே கலகலப்பு. பட்டன் அறுந்த சட்டைகளை வாங்கி வைத்தான், கத்தரிக்கோல் எடுத்துக் கொடுத்தான், வாடிக்கையாளர்களிடம் கதை அளந்தான். நண்பகல் தாண்டியபோது பேச்சு குறைந்தது. கொஞ்ச நேரத்தில் வலது கால் ஆட ஆரம்பித்தது. அப்புறம் இரண்டு காலும்.

“என்னடா?” என்றாள் தையலக்கா.

“ஒண்ணுமில்லக்கா.”

சிறிது நேரம் கழித்து, “அந்தப் பின்பக்கச் சந்து எப்படி இருக்குன்னு பாத்துட்டு வரேன்” என்று எழுந்தான். சந்தில் நல்ல நீளமான சுவர் இருந்தது. ஆனால் அந்தச் சுவரில், ஆளுயரத்துக்கு, அவனே வைத்த பலகை இருந்தது. ‘இங்கே சிறுநீர் கழிக்காதீர். மீறினால் அபராதம். இப்படிக்கு, உங்கள் வார்டு உறுப்பினர்.’ கீழே அவனுடைய படம், பல் முழுக்கத் தெரியும் சிரிப்போடு. மெம்பர் அந்தச் சிரிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினான். வழியில் சந்தை வாசல் ஓட்டலில் தலையை நீட்டினான். “குழாய் அடைச்சிருக்கு சார், எங்க ஆளுங்களே எங்கயோதான் போறாங்க” என்றார் முதலாளி, மிகுந்த மரியாதையோடு.

ஸ்டூலில் வந்து உட்கார்ந்தவனின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. காரைக் கூப்பிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் எல்லார் முன்னாலும் வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தவன். எதிர்க்கடையிலிருந்து ரேடியோ கன்னத்தில் கைவைத்து, படம் பார்ப்பதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையலக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவன் கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண் அவளுக்குத் தெரிந்த கண். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில், வகுப்பில் கேட்கப் பயந்து கால்சட்டையை நனைத்துவிட்டு, மூலையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு இப்படித்தான் பார்த்தான். அன்று தன் ஸ்வெட்டரை அவன் இடுப்பில் கட்டி, யாரும் பார்க்காமல் வீட்டுக்குக் கூட்டிவந்தவள் அவள்தான். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். மிஷினை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

“வாடா.”

“எங்கக்கா?”

“ஐஸ் வாங்க.”

மீன்காரம்மா அவர்களைக் கண்டதும் எதுவும் கேட்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, ஐஸ் பெட்டிகளை ஓரமாகத் தள்ளி, சாக்குத் திரையை விலக்கிக் காட்டினாள். மெம்பர் வாளியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். யோசிக்க நேரமில்லை, உள்ளே போனான். தையலக்கா திரையின் ஒரு முனையையும் மீன்காரம்மா மறுமுனையையும் பிடித்துக்கொண்டார்கள். எங்கிருந்தோ ரேடியோவும் வந்துவிட்டாள். ‘செத்தோம்’ என்று நினைத்தாள் தையலக்கா. ஆனால் ரேடியோ அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, இரு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, உள்ளே கேட்கும் சத்தம் வெளியே யாருக்கும் கேட்காதபடி, “வெங்காயம்! நல்ல வெங்காயம்!” என்று கட்டடம் அதிரக் கூவத் தொடங்கினாள். தனக்கு அவர்கள் செய்வதைத்தான் அவள் அவனுக்கும் செய்தாள்.

வெளியே வந்தபோது மெம்பரின் முகம் மாறியிருந்தது.

“தினமும் இதேதானா?” என்று கேட்டான்.

“இதேதான் தம்பி” என்றாள் மீன்காரம்மா. “மழை பெய்ஞ்சா தரையெல்லாம் தண்ணி. அப்ப இதுவும் கிடையாது. வயசுப் பொண்ணுங்க மாசத்துல அந்த நாலு நாள் கடைக்கே வர்றதில்ல.”

அவன் திரும்பி உள்ளே போய் வாளியின் பிடியைப் பிடித்தான்.

“ஐயோ, வைங்க, நாங்க கொட்டிக்குவோம்!” என்று பதறினாள் மீன்காரம்மா.

“எங்க கொட்டணும்னு மட்டும் சொல்லுங்க” என்றான்.

வெள்ளைச் சட்டை மெம்பர் வாளியைத் தூக்கிக்கொண்டு சாக்கடைவரை நடந்தான், கொட்டினான், குழாயடியில் கழுவிக் கொண்டுவந்து இருந்த இடத்திலேயே வைத்தான். கடை மூடும்வரை தையலக்காவின் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். போகும்போது அக்காவிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நாட்கள் நகர்ந்தன. தம்பியிடமிருந்து போனும் இல்லை, ஆளும் இல்லை. தையலக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அவனை அவமானப்படுத்திவிட்டேனோ? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? விஷயம் தெருவுக்கு வந்தால் ‘வாளி மெம்பர்’ என்றே பெயர் வைத்துவிடுவார்களே! “ரெண்டு கழிப்பறைக் கதவுக்காகக் கூடப் பிறந்தவனைத் தொலைச்சிட்டேனோ?” என்று கணவரிடம் கேட்டாள். பேக்கரியில் ரொட்டி போடுகிறவர் அவர். எதையும் பொறுத்திருந்து பார்க்கிறவர். “மாவு இப்பத்தானே பிசைஞ்சிருக்க. கொஞ்சம் விடு, பொங்கட்டும்” என்றார்.

சந்தையில் நடந்ததோ பெரிய அதிசயம். ரேடியோ வாயைத் திறக்கவில்லை. விலையைத் தவிர வேறு எதையும் கூவவில்லை. தையலக்கா தயங்கித் தயங்கிப் போய் நன்றி சொன்னாள்.

“போ அக்கா. திரைக்குப் பின்னாடி நடக்கறதை வெளிய சொல்ற ஆளா நான்?” என்றாள் ரேடியோ, கொஞ்சம் கோபமாகவே.

நகராட்சிக் கூட்டம் வந்தது. சந்தைப் பெண்கள் கடைகளைப் பக்கத்துக் கடை ஆண்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பார்வையாளர் பெஞ்சுகளை நிறைத்தார்கள். கார் நிறுத்துமிடத்தின் அருமை பெருமைகளைத் தலைவர் விரிவாகச் சொன்னார். “உறுப்பினர்கள் யாராவது பேச விரும்புகிறீர்களா?” என்று ஒரு பேச்சுக்குக் கேட்டுவிட்டுக் காகிதத்தைப் புரட்டினார்.

மெம்பர் எழுந்தான். தையலக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

“போன வாரம் நான் ஒரு வாளியில ஒண்ணுக்குப் போனேன்” என்றான்.

மண்டபத்தில் குபீரென்று சிரிப்பு. தலைவர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். மெம்பரும் சிரித்தான். பிறகு எலுமிச்சை ஜூஸிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். தன் பலகையை, தன் சிரித்த படத்தை, ஓட்டல் முதலாளியை, சாக்குத் திரையை, எதையும் விடவில்லை. அவன் சொல்லச் சொல்லச் சிரிப்பு ஓய்ந்தது.

“எனக்காக மூணு பேர் காவல் நின்னாங்க. அதுல ஒருத்தர் எங்க அக்கா. அவங்க எத்தனை மாசமா இப்படி உடம்பைக் கெடுத்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்கன்னு எனக்குத் தெரியாது. நான் கேக்கவே இல்ல. கேக்க வந்தப்பவும் வாயை அடைச்சு அனுப்பிட்டேன்.” அவன் தலைவர் பக்கம் திரும்பினான். “காரை எங்க வேணா நிறுத்திக்கலாம். பழைய பஸ் டிப்போ சும்மாதான் கிடக்கு. என் ஆதரவை வாபஸ் வாங்கறேன். இருக்கற கழிப்பறையைப் பழுது பாத்துத் திறக்கணும்னு கேட்டுக்கறேன்.”

தலைவர் ஓட்டுக்கு விட்டார். கைகள் எழுந்தன. தையலக்காவின் கண்ணில் நீர் முட்டி, எத்தனை கை, யார் கை என்று எதுவும் தெரியவில்லை. பக்கத்திலிருந்த ரேடியோ, இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததற்கெல்லாம் வட்டியும் முதலுமாக ஒரு கூச்சல் போட்டாள். ஜெயித்துவிட்டோம் என்று அதிலிருந்துதான் அவளுக்குத் தெரிந்தது. மீன்காரம்மா அவள் தோளில் சாய்ந்து விசும்பினாள். மார்பில் யாரோ வைத்திருந்த அம்மிக்கல்லை இறக்கிவிட்டதைப் போல இருந்தது தையலக்காவுக்கு.

வெளியே படிக்கட்டில் தம்பி காத்திருந்தான்.

“ஏன்டா ஒரு போன்கூடப் பண்ணல? நான் என்னென்னவோ நினைச்சிட்டேன்.”

“வெட்கமா இருந்துச்சுக்கா. அதோட ஒவ்வொரு மெம்பர் வீட்டுக்கும் நடையா நடந்தேன். என் ஒருத்தன் கை பத்தாதே. ஒவ்வொரு வீட்டுலயும் இதே கதையைத்தான் சொன்னேன். எல்லா வீட்டுலயும் சிரிச்சாங்க. எல்லா வீட்டுலயும் யாராவது ஒரு அம்மா சமையலறையிலேருந்து வெளிய வந்து, ‘அப்புறம்?’னு கேட்டாங்க.”

“ஊர் உன்னை வாளி மெம்பர்னு கூப்பிடப் போகுது.”

“கூப்பிடட்டும். அடுத்த தேர்தல்ல சின்னமா வாளியையே கேட்டுடறேன்.”

அவள் சிரித்தாள். சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பானது. அவன் அவள் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை கூடவே நடந்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரவேண்டும், வராவிட்டால் டீச்சர் தன்னைப் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவாள் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான்.

பழுது பார்க்கும் வேலை சொன்ன நாளில் முடியவில்லை. நகராட்சி வேலை என்றைக்கு முடிந்திருக்கிறது? ஆனால் முடிந்தது. சுவருக்கு வெள்ளை அடித்தார்கள், புதுக் குழாய் போட்டார்கள், காலையிலும் மாலையிலும் சுத்தம் செய்யச் சம்பளத்துக்கு ஆள் வைத்தார்கள். ஒரு கதவு மட்டும் இன்னும் சரியாகச் சாத்தவில்லை. திறப்பு விழாவுக்குத் தலைவர் ரிப்பனும் கத்தரிக்கோலுமாக வந்தார். அவர் பேச ஆரம்பிப்பதற்குள் மீன்காரம்மா, “மன்னிச்சுக்குங்க ஐயா, அவசரம்” என்று ரிப்பனுக்கு அடியில் குனிந்து உள்ளே போய்விட்டாள். அவள் பின்னால் வரிசையே நகர்ந்தது. மெம்பர் ஓரமாக நின்று, தலைவர் பார்க்காத பக்கமாகத் திரும்பிச் சிரித்தான்.

தையலக்காவின் முறை வந்தது. உள்ளே நுழைந்து தாழ்ப்பாளைப் போட்டாள். மேலே சின்ன ஜன்னலில் நல்ல வெளிச்சம். சுண்ணாம்பு வாசனை. திரையின் முனையை யாரும் பிடிக்க வேண்டியதில்லை. யாரும் கூவ வேண்டியதில்லை. அவசரமே இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். வேலை முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

கதவு படபடவென்று தட்டப்பட்டது.

“அக்கா! உள்ள படுத்துத் தூங்கிட்டியா?” ரேடியோதான்.

“வரேன், வரேன். இருடி” என்றாள் தையலக்கா. சொல்லிவிட்டு, நிதானமாகக் குழாயைத் திறந்தாள்.